வெட்டு மேசையின் விளிம்பு

பாலிஷ் போட்டா எதுவும் சரியாயிடும்னு நம்புறவன் என் தம்பி. மரவேலை செய்யுறவன், ஊரே அவனுக்கு வெச்ச பேரும் பாலிஷ்தான். யார் வீட்டுக்குப் போனாலும் முதல்ல ஆளைப் பாக்க மாட்டான், உக்காரச் சொன்ன நாற்காலியைத் தலைகீழாத் திருப்பி அடிப்பக்கத்தைப் பாப்பான். "என்னக்கா இது, கால் ஆடுது, வார்னிஷ் உரிஞ்சு கிடக்கு, இதுல போயி மனுஷனை உக்கார வெக்கிறே" னு கேப்பான். "உன்னை யாரு உக்காரச் சொன்னா, நின்னுக்கிட்டே டீயைக் குடிச்சிட்டு நடையைக் கட்டு" னு நான் சொல்லுவேன். எங்க பேச்சே இப்படித்தான். அவன்மேல எனக்கு உசிரு. அதை இப்பவே சொல்லி வெச்சிடறேன், ஏன்னா இனிமே சொல்லப்போறதைக் கேட்டா அப்படித் தோணாது.

என் வீட்டுக்காரர் டெய்லர். வீட்டோட முன்னறைதான் கடை. தெருக்கதவைத் திறந்தா நேரா வெட்டு மேசை, அதுக்குப் பக்கத்துல என் தையல் மிஷின், மூலையில வர்றவங்க போட்டுப் பாக்குறதுக்கு ஆளுயரக் கண்ணாடி. அவர் வெட்டுவாரு, நான் தைப்பேன். கல்யாணம் ஆனதுலேர்ந்து இதுதான் ஏற்பாடு. தையல் தப்பாப் போனா பிரிச்சுத் தச்சுக்கலாம், வெட்டு தப்பாப் போனா போனதுதான். அதனால அவர் கத்தரியை நான் தொடக்கூட விடமாட்டாரு. ஒரு தடவை அவசரத்துக்கு அதால காகிதம் நறுக்கிட்டேன், பொண்டாட்டி ஓடிப்போன மாதிரி மூஞ்சியைத் தூக்கி வெச்சிக்கிட்டு உக்காந்திருந்தாரு.

அந்த மேசை பாக்கச் சகிக்காது. நாங்க வாங்குறப்பவே பழசு, ஏதோ கிடங்குல மூட்டை பிரிக்கப் போட்டிருந்தது. நின்னு வெட்டுற உயரம். மேல பூரா சாக்பீஸ் கறை, இஸ்திரிப் பெட்டி சுட்ட வடு, டீ கிளாஸ் வட்டம். அவர் நிக்கிற பக்கத்து விளிம்புல, நடுவுல, அவர் இடுப்பு உரசி உரசியே குழிஞ்சு போன ஒரு இடம். அந்தக் குழிக்கு ரெண்டு பக்கமும், விளிம்பு நெடுகக் கத்தியால வெட்டின தழும்பு.

அந்தத் தழும்புலதான் எங்க பொழப்பே இருந்துச்சு. ஒருத்தருக்கு ஒரு சட்டை கச்சிதமா அமைஞ்சிட்டா, அந்த அளவை விளிம்புல ஒரு வெட்டு வெட்டி வெச்சுக்குவாரு. கழுத்துக்கு ஆழமா, தோளுக்குச் சாய்வா, கைக்கு ரெட்டை வெட்டு. குழியில இடுப்பைச் சாச்சு நின்னாப் போதும், எல்லா அளவும் கை நீட்டுற தூரத்துல வந்து நிக்கும். டேப்பு கழுத்துல சும்மா தொங்கும். தெருக்கோடி பஸ் டிரைவருக்குத் தனியாவே ஒரு வெட்டு, அது அவர் வயிறு. அந்த வெட்டு வருஷா வருஷம் நகரும். "உங்க வயிறு போற போக்குக்கு மேசையை நீட்டித்தான் ஆகணும்" ம்பாரு இவரு. "நீட்டுங்க, நான் நிறுத்தறதா இல்ல" ம்பாரு டிரைவரு.

அப்புறம் அவருக்குக் கண்ணு போக ஆரம்பிச்சுது. கண்ணுக்குள்ள அழுத்தம்னு டாக்டர் சொன்னாரு. வலி கிடையாது, சிவப்பு கிடையாது, ஓரத்துலேர்ந்து இருட்டிக்கிட்டே வரும், போன பார்வை போனதுதான்னு சொன்னாரு. முதல்ல பக்கவாட்டுல வர்ற சைக்கிள் தெரியலை. அப்புறம் படி தெரியலை. கடைசியில நடுவுல ஒரு காசளவுக்குத்தான் உலகம் தெரிஞ்சுது. ஆனா மேசைக்கு முன்னால போயி நின்னா அதே பழைய ஆளு. விரல் விளிம்புல ஓடும், வெட்டைத் தொடும், நகத்தால துணியில மடிப்புக் கீறுவாரு, கத்தரி அந்த மடிப்பு மேலயே போகும். வந்து போற ஒருத்தருக்கும் சந்தேகம் வரலை. சில நாள் நானே மறந்துடுவேன்.

"பார்வை இல்லாத டெய்லர்கிட்ட எவன் துணி குடுப்பான்? யாருக்கும் மூச்சு விடாதே. உன் தம்பிக்கும்தான், அவன் வாய்க்குப் பூட்டு கிடையாது" னு என் வாயை அடைச்சிட்டாரு. முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிற கதைதான், இருந்தாலும் மறைச்சோம். மேசை மூலையில இடிச்சு அவர் இடுப்புல நீலம் பாரிச்சிருந்ததைத் தம்பி ஒரு நாள் பாத்துட்டான். "என்ன மச்சான் இது?" னு கேட்டான். "வயசாகுதுல்ல மாப்ள, தடுமாறுது" னு சிரிச்சு மழுப்பிட்டாரு. தம்பி சிரிக்கலை, மேசை மூலையையே முறைச்சுப் பாத்துக்கிட்டு நின்னான். அன்னிக்கே எனக்குப் புரிஞ்சிருக்கணும்.

மிச்சமிருந்த காசளவு பார்வையைக் காப்பாத்துறதுக்கு ஒரு ஆபரேஷன் பண்ணலாம்னாங்க. வெளியூர் ஆஸ்பத்திரி, சில நாள் தங்கணும். தம்பிகிட்ட என்ன சொல்றது? கண்புரை எடுக்கப் போறோம்னு சொன்னோம். கண்புரைன்னா யாரும் பயப்பட மாட்டாங்க, எடுத்துட்டா எல்லாம் பளிச்சுனு தெரியும்னு குழந்தைக்குக்கூடத் தெரியும். தம்பி வீட்டுச் சாவியை வாங்கிக்கிட்டான். "போயிட்டு வாங்க மச்சான். புதுக் கண்ணோட வந்து பாருங்க" ன்னான். எதைப் பாக்கச் சொல்றான்னு நான் கேக்கலை.

ஆபரேஷன் சரியா வரலை. கட்டு பிரிச்சப்ப ஜன்னல் எந்தப் பக்கம் இருக்குன்னு மட்டும் அவருக்குத் தெரிஞ்சுது, அவ்வளவுதான். டாக்டர் நல்ல மனுஷன். "எங்களால ஆனதைப் பாத்தோம்மா" னு சொல்லிட்டுத் தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு. நான் நடைவழியில நின்னு முந்தானையை வாயில அடைச்சிக்கிட்டு அழுதேன்.

அவர் அழலை. திரும்பி வர்ற பஸ்ல என் கையைத் தடவிப் பிடிச்சுக்கிட்டாரு. "எதுக்கு மூக்கை உறிஞ்சிக்கிட்டே வர்றே? மேசை இருக்குல்ல" ன்னாரு. "இத்தனை நாளா நான் கண்ணாலயா வெட்டினேன்? மேசை இருக்கிற வரைக்கும் நான் டெய்லர்தான். நீ பாட்டுக்குத் தை." அந்த வார்த்தையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நான் மூச்சு விட்டேன். வீடு போய்ச் சேரட்டும், அந்தக் குழியில போயி நிக்கட்டும், மத்ததைப் பொறவு பாத்துக்கலாம்னு மனசைத் தேத்திக்கிட்டேன்.

தெருவுல இறங்கினதுமே அவர் மூக்கு விடைச்சுது. "பாலிஷ் ஸ்பிரிட் வாடை வருதே" ன்னாரு. எனக்கும் வந்துச்சு. கதவு திறந்திருந்தது. வாசல்ல தம்பி நிக்கிறான், சட்டையெல்லாம் அரக்குக் கறை, வாயெல்லாம் பல்லு. நான் அவனைத் தாண்டி உள்ளே பாத்தேன்.

மேசை அங்க இல்ல. அந்த இடத்துல வெள்ளை சன்மைக்கா ஒட்டின புது மேசை ஒண்ணு நிக்குது. எங்க மேசை உள்ளறையில கிடக்கு, காலைக் குறைச்சு, சாப்பாட்டு மேசையா ஆக்கியிருந்தான். தேன் நிறத்துல மின்னுச்சு. கறை இல்ல, வடு இல்ல, டீ கிளாஸ் வட்டம் இல்ல. விளிம்பு சுத்திலும் உருண்டையா, வழவழனு இருந்துச்சு. குழியைக் காணோம். ஒத்தை வெட்டுக்கூட இல்ல. முன்னறைக் கண்ணாடிக்கும் புதுசா ஒரு மரச்சட்டம் போட்டு வெச்சிருந்தான்.

அவர் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தாரு, அதனால தம்பிக்கு ஒண்ணும் தெரியலை. கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டே உள்ளே போறான். "மச்சான், உரிக்க உரிக்க உள்ளே எப்பேர்ப்பட்ட தேக்கு தெரியுமா? இதுமேலயா இத்தனை நாளா இஸ்திரிப் பெட்டியை வெச்சீங்க? விளிம்பெல்லாம் எலி கடிச்ச மாதிரி இருந்துச்சு, எடுத்துட்டேன். மூலையை உருட்டிட்டேன், இனிமே இடுப்புல இடிக்கவே இடிக்காது. வெட்டுறதுக்குப் புது மேசை போட்டிருக்கேன், விளிம்பு பூரா இஞ்ச் அளவு அச்சடிச்ச பட்டை ஒட்டியிருக்கேன். டேப்பே வேணாம், பாத்துப் பாத்து வெட்டலாம். உங்க புதுக் கண்ணுக்குன்னுதான் மச்சான் ராப்பகலா உக்காந்து பண்ணினேன்."

அவர் கையை நீட்டினாரு. பழைய உயரத்துல நீட்டினாரு, கை காத்துல நின்னுச்சு. அப்புறம் மெல்லக் கீழே இறங்கித் தொட்டுச்சு. விளிம்பைப் பிடிச்சுக்கிட்டே இந்தக் கோடியிலேர்ந்து அந்தக் கோடி வரைக்கும் போனாரு. மூலையைச் சுத்தி மறுபக்கமும் போனாரு. ஒரு பக்கத்தையும் விடலை. புறப்பட்ட இடத்துக்கே வந்து நின்னாரு.

"நல்லா வந்திருக்கு மாப்ள" ன்னாரு. "எங்கயும் ஒரு பிசிறு இல்ல."

தம்பி பூரிச்சுப் போயிட்டான். எனக்கு அவனை ஓங்கி அறையணும்போல இருந்துச்சு. பொய்யாப் பாராட்டுற அவரையும்தான். அவரை நாற்காலியில உக்கார வெச்சிட்டு, தம்பியைச் சமையலறைக்குள்ள இழுத்துக்கிட்டுப் போனேன். "கண்ணை வித்துச் சித்திரம் வாங்கினவனே" னு ஆரம்பிச்சேன். கண்ணுல அழுத்தம், ஆபரேஷன், விளிம்புல இருந்த வெட்டு, அந்தக் குழி, பஸ்ல அவர் சொன்னது, எல்லாத்தையும் கொட்டிட்டேன்.

"கண்புரைன்னுதானேக்கா சொன்னே" ன்னான், சத்தமே இல்லாம.

"சொன்னேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"நீ ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

நல்லது பண்ணப் போனவனை என்னன்னு திட்டுறது? அவன் நகத்துல ஒட்டியிருந்த அரக்கைச் சுரண்டிக்கிட்டே நின்னான். அவன் வேலைக்கு வந்த நாள்லேர்ந்து அந்த நகம் சுத்தமா இருந்து நான் பாத்ததில்ல.

மறுநாள் காலையில நான் காய் நறுக்குற கத்தியை எடுத்துக்கிட்டுப் புது மேசைகிட்ட போனேன். நாமளே திரும்ப வெட்டி வெச்சுட்டாப் போச்சு, இதுக்குப் போயி ஒப்பாரி எதுக்குனு எனக்கு நானே வீறாப்பா சொல்லிக்கிட்டேன். தம்பி ஒட்டின பட்டையைக் கிழிச்சுப் போட்டேன். "கழுத்து எவ்வளவு, சொல்லுங்க" ன்னேன்.

அவர் ரொம்ப நேரம் யோசிச்சாரு. "இஞ்ச் கணக்கு சொல்லலாம். எல்லா டெய்லரும் சொல்ற கணக்குதான் அது. என் வெட்டு அது இல்ல. போட்டுப் பாத்து, கொஞ்சம் கொஞ்சமாத் தள்ளித் தள்ளி வெச்சது. கைக்குத்தான் தெரியும். வாயால கேட்டா எனக்கு வரமாட்டேங்குது" ன்னாரு.

இருந்தாலும் சொன்னாரு, நானும் வெட்டினேன். சன்மைக்கா பல்லுப் பல்லாப் பேந்துக்கிட்டு வந்துச்சு. அவர் வந்து நின்னாரு. இடுப்பை விளிம்புல சாச்சாரு. வலப்பக்கம் கொஞ்சம் நகர்ந்தாரு, இடப்பக்கம் கொஞ்சம் நகர்ந்தாரு, திரும்ப வலப்பக்கம். நேரான விளிம்புல எந்த இடம்னு நிக்கிறது? ஏதோ ஒரு இடத்துல நின்னுக்கிட்டு, "டிரைவர் துணியை எடு" ன்னாரு.

டிரைவர் நாங்க ஊருக்குப் போறதுக்கு முன்னாடியே குடுத்துட்டுப் போன நல்ல நீலத்துணி. வேலையிலேர்ந்து ஓய்வு பெறுற அன்னிக்குப் போட்டுக்கணும்னு ஆசையா வாங்கியிருந்தாரு. "முதல்ல ஏதாவது கிழிசல்ல வெட்டிப் பாருங்களேன்" னு கெஞ்சினேன். "கிழிசல்னா கைக்குப் பயம் இருக்காது. பயம் இருந்தாத்தான் ஒழுங்கா வெட்டும்" ன்னாரு. நான் துணியை விரிச்சேன். தம்பி எப்ப வந்தான்னு தெரியலை, கதவோரமா வந்து நின்னுக்கிட்டிருந்தான்.

அவர் கத்தரி போற சத்தம் எனக்கு மனப்பாடம். ஒரே மூச்சா, சரசரனு போகும், மிஷின்ல இருந்தபடியே கேட்டுக்கிட்டிருப்பேன். அன்னிக்கு அது நின்னு நின்னு போச்சு. ஒரு இடத்துல கத்தரி நின்னு, விரல் வெட்டைத் தேடி, தப்பான வெட்டைத் தொட்டு, திரும்பி வந்துச்சு. வேணாம், நிறுத்துங்கனு சொல்ல நாக்கு வரைக்கும் வந்துச்சு, சொல்லலை.

வெட்டி முடிச்சு ரெண்டு பக்கத்தையும் கையில தூக்கினாரு. "எப்படி வந்திருக்கு?"

தோள் ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கிக் கிடந்துச்சு. கழுத்து இருக்க வேண்டிய இடத்துல இல்ல. "கொஞ்சம் இழுத்துப் பிடிச்சுத் தச்சா..." னு ஆரம்பிச்சேன்.

"பொய் சொல்லாதே" ன்னாரு. "ரெண்டும் ஒரே கனமா இல்ல. கையில வெச்சாலே தெரியுது."

துணியை மடிச்சு வெச்சாரு. அப்புறம் கத்தரியை எடுத்து, வழக்கமா வெக்கிற மாதிரி மேசைமேல வெக்காம, என் கையைத் தேடிப் பிடிச்சு அதுல குடுத்தாரு. பிடி இன்னும் சூடா இருந்துச்சு. நான் வாங்கியிருக்கக் கூடாது. என் கை அதுபாட்டுக்கு வாங்கிக்கிச்சு.

அப்புறம் அவரா கூப்பிட்டாரு. "மாப்ள, இங்கதானே நிக்கிறே? அரக்கு வாடை வருது."

"இருக்கேன் மச்சான்."

"ஒண்ணு கேக்குறேன், நல்லா யோசிச்சு சொல்லு. அந்த விளிம்பை இழைச்சியா, அறுத்தியா?"

அவர் கேட்டதும்தான் எனக்கும் உறைச்சுது. இழைச்சிருந்தா எல்லாம் சுருள் சுருளா உதிர்ந்து குப்பைக்குப் போயிருக்கும். ரம்பம் போட்டு அறுத்திருந்தா, வெட்டெல்லாம் அப்படியே இருக்கிற ஒரு நீளத்துண்டு எங்கயாவது கிடக்கும்.

"அறுத்தேன் மச்சான்."

"ஒரே துண்டாவா?"

"ஒரே துண்டாத்தான் வந்துச்சு."

ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்ததுக்கு அப்புறம் முதல் தடவையா அவர் மூஞ்சி மலர்ந்துச்சு. "எரிச்சு கிரிச்சுத் தொலைச்சிடலையே?"

"இல்ல மச்சான். நல்ல தேக்கு, எரிக்க மனசு வரலை."

"அடப்பாவி, அதை முதல்லயே சொல்லக் கூடாதா?" ன்னாரு. சிரிச்சே சிரிச்சிட்டாரு. "கொண்டா அதை. இந்த மேசை விளிம்புல வெச்சு நாலு ஆணி அடிச்சிடு, போதும். டிரைவருக்கு வேற துணி எடுத்துக்கலாம்." மிஷின் சக்கரத்தைப் பிடிச்சுக்கிட்டு நானும் சிரிச்சேன். நாளைக்கே தைக்க உக்காந்துடலாம்னு மனசு ஓட ஆரம்பிச்சிடுச்சு.

தம்பி நகரலை. அவன் கண்ணு மட்டும் மூலைக்குப் போச்சு. நானும் அங்க பாத்தேன்.

"என்ன மாப்ள, போகலையா?"

"அது இங்கதான் இருக்கு மச்சான்." தம்பி வந்து அவர் கையைப் பிடிச்சு, மெல்லக் கூட்டிக்கிட்டுப் போயி, ஆளுயரக் கண்ணாடியோட சட்டத்துமேல வெச்சான்.

நாலு துண்டா அறுத்து, பத்தாத இடத்துக்கு வேற தேக்கு சேத்து, மூலைக்கு மூலை சாய்வா பொருத்தி ஒட்டியிருந்தான். முன்பக்கத்தை இழைச்சு மெழுகு போட்டுட்டு, வெளிப்பக்கத்து ஓரத்தை மட்டும் பழசுக்கு ஒரு அழகுன்னு அப்படியே விட்டிருந்தான். அவர் விரல் அங்க போச்சு. கீழேயிருந்து மேலே ஏறுச்சு. ஒரு இடத்துல நின்னுச்சு.

"இது கழுத்து" ன்னாரு.

இன்னும் கொஞ்சம் ஏறினாரு. "இது டிரைவரோட வயிறு. பழைய வயிறு. அப்ப எவ்வளவு ஒல்லியா இருந்திருக்கான் பாரு." லேசா உதடு விரிஞ்சுது. விரல் மேலே போயி மூலையில முட்டுச்சு. அங்கயே தடவுச்சு. மூலையைத் திரும்பி மேல்சட்டத்துல போச்சு, திரும்ப இறங்கி வந்துச்சு. "இதுக்கப்புறம் தோள் வரணுமே."

"மூலை சேரணும்னு அறுத்தேன் மச்சான். அந்த இடம் தூளாப் போயிடுச்சு."

"கை?"

"எந்தத் துண்டு எந்தப் பக்கம் இருந்துச்சுன்னு நான் பாக்கலை மச்சான். கண்ணாடிக்குப் பொருந்துற நீளம் மட்டும்தான் பாத்தேன்."

"சரி, குழி? அதையாவது காட்டு. நடுவுல இருக்கும்."

"அது மட்டும் வளைஞ்சிருந்துச்சு மச்சான். சட்டத்துக்கு ஆகாதுன்னு கழிச்சுப் போட்டுட்டேன்."

அவர் கோபப்படலை. கோபப்பட்டிருந்தா நான் பொழைச்சுப் போயிருப்பேன். ரெண்டு கையாலயும் சட்டத்தைப் பிடிச்சுக்கிட்டு, வெட்டுறதுக்கு நிக்கிற மாதிரி இடுப்பை முன்னால கொண்டு போனாரு. அது கண்ணாடியில இடிச்சுது.

"அப்ப நான் எங்கடா நிக்கிறது?" னு கேட்டாரு.

கண்ணாடியில நாங்க மூணு பேரும் தெரிஞ்சோம். தம்பி தலையில கை வெச்சிக்கிட்டுத் தரையில உக்காந்துட்டான். நான் கத்தரியைக் கையில வெச்சிக்கிட்டு நின்னேன். அவர் கண்ணாடிக்கு ரொம்பக் கிட்ட, பதில் வரும்னு காத்துக்கிட்டு நின்னாரு.